யாருடைய பிரஷர்

ஆய்வு நர்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த எண் சிவப்பாக நின்றது. நூற்று எழுபது. கால்மணி நேரம் கழித்து நூற்றுப் பத்து. ஒரே கர்ப்பிணி. இப்படி ஏறி இறங்க அது ரத்தமா, லிஃப்டா?

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று ஆராய்கிறவர்கள், பெண்களுக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு பிரஷர் மெஷின் கொடுத்திருந்தார்கள். அளந்ததும் எண் தானாக இங்கே வந்துவிடும். நர்ஸ் போன் செய்தாள். அந்தப் பெண்ணின் மாமியார் எடுத்தாள்.

"நூத்தி எழுபதா? அது இவ மாமனாரோடது. மெஷின சும்மாவா வெச்சிருப்பாங்க?"

"வேற யாரெல்லாம் பாக்கறீங்க?"

"நான் பாப்பேன். தங்கச்சி வந்தா அவ. மாடிவீட்டு டிரைவர் தெனமும் வருவாரு. பாவம், நல்ல மனுஷன்."

இரண்டு மாதக் கணக்கில் ஒரு தெருவே கலந்திருந்தது. நர்ஸுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் வரேன். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடாதீங்க."

அந்த வீட்டில் மெஷின் டி.வி. பக்கத்தில், ரிமோட்டுக்குத் துணையாக இருந்தது. மாமனார் கையை நீட்டினார்.

"முதல்ல எனக்குப் பாருங்கம்மா."

"இது கர்ப்பிணிகளுக்கு, சார்."

"அப்படியா? எனக்கு எத்தனாவது மாசம்னு காட்டுது?"

மாமியார் சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை. "காலைல நூத்தி எழுபது வந்திருக்கு. உங்க வயசுக்கு நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"நானா? என்னோடது நூத்திப் பத்து. இந்த வீட்ல என் உடம்புதான் உருப்படி."

மாமியார் சிரிப்பை நிறுத்தினாள். "நூத்தி எழுபது உங்களோடதுன்னு இவதானே சொன்னா?"

எல்லாரும் திரும்பினார்கள். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து." பிறகு, துண்டிடம் சொல்வதுபோல, "சொன்னா ஆஸ்பத்திரில சேத்துடுவீங்க. போன தடவையும் பையோட போனேன். வெறுங்கையோட வந்தேன்."

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னுதாம்மா இந்த மெஷினே!" நர்ஸின் குரல் உயர்ந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் பாத்தீங்க. வந்ததை ஒளிச்சு வெச்சீங்க. நான் அங்க உக்காந்து யாரைக் காப்பாத்தறது, டிரைவரையா?"

நர்ஸ் அவளை உட்காரவைத்து, கொஞ்சம் பொறுத்துப் பட்டையைக் கட்டினாள். நூற்று எழுபத்தாறு. மாமனார் ஆட்டோ கூப்பிடச் செருப்பில்லாமலே இறங்கினார். மாமியார் அலமாரியைத் திறந்து எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றாள்.

நர்ஸ் கீழே குந்தி, மருமகளின் வீங்கிய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நிரம்பவில்லை. மருமகள் அதைப் பார்த்தாள். மெல்ல நைட்டியை இழுத்து மூடினாள்.