குவார்ட்ஸைட் வரை ஒரு கிண்ணம் ஜெல்லி

எங்கள் டிரெய்லர் நல்ல டிரெய்லர். முப்பத்தைந்தடி நீளம், சமையலறை, படுக்கையறை, கணப்பு எல்லாம் உண்டு. முன்பக்கக் கழுத்தை என் பிக்கப் வண்டியின் முதுகில் வைத்துக்கொண்டு, வடக்கே எங்கள் ஊர் மைனாட்டில் முதல் பனி விழுவதற்குள் அரிசோனாவுக்குக் கிளம்பிவிடும். அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், இடிக்கும். பக்கவாட்டில் அல்ல, முன்னும் பின்னுமாக. கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி ஆயிரத்து எழுநூறு மைலும் முட்டிக்கொண்டே வரும்.

மிகைப்படுத்திப் பேசுவது என் வழக்கமில்லை. ஆனால் போன வருஷம் வயோமிங்கில் நான் வாயில் போட்ட டோனட், கொலராடோ எல்லையில்தான் தொண்டைக்குள் இறங்கியது. என் பல்செட் எனக்குக் கால் மைல் முன்னாலேயே ஒரு சின்ன ஊரைக் கடந்துபோனது. அங்கே முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருந்ததால் நான் துரத்தவில்லை.

எனக்கு இதெல்லாம் பெரிதில்லை. லவோனுக்குத்தான் பொறுக்கவில்லை. லவோன் என் மனைவி. அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் போய் இறங்கிய முதல் சாயங்காலம், எல்லாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். லவோன் கொண்டுவருவது, துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லி. அச்சிலிருந்து கவிழ்த்தால் கோயில் மணி மாதிரி நிற்க வேண்டும். போன வருஷம் அதை ஸ்பூனால் பரிமாறினாள். ஒரு நெப்ராஸ்காக்காரர் சூப் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அங்கே போய்ச் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கக் கூடாது. நான் ஒருமுறை கேட்டேன்.

மார்ச் கடைசியில், எல்லாரும் அவரவர் ஊர் திரும்பியதும், அவள் சொல்லிவிட்டாள்.

"இதோ பார் ஆர்விட். இந்தத் தடவையும் ஜெல்லி உடைஞ்சுதுன்னா, நான் பீனிக்ஸ்ல பிளேன் ஏறி ஆர்டிஸ் வீட்டுக்கு வந்துடுவேன். குளிர்காலம் முழுக்க நீ அங்க தனியா கல்லு பொறுக்கு."

ஆர்டிஸ் அவள் தங்கை. மைனாட்டில், வாசல் பனியைத் தானே அள்ளிக்கொண்டு, எட்டுப் பூனைகளோடு இருக்கிறாள். லவோன் அங்கே போவதென்றால் விளையாட்டுப் பேச்சில்லை.

அந்தக் கோடை முழுக்க யோசனை கேட்டேன். சூப் பாராட்டிய நெப்ராஸ்காக்காரர் பர்டெல் க்ரூஸே போன் செய்தார். "யோவ், காத்துப்பை வெச்ச கழுத்து வாங்குய்யா. மேகத்து மேல போற மாதிரி இருக்கும்." டிராக்டர் பழுது பார்க்கிறவர், நான்கு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் போடு என்றார். எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் ஞாயிறு காபி நேரத்தில் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ரப்பர் வைப்பதா கூடாதா என்று பேச்சு முற்றி, ஒரு மாதம் இரண்டு கட்சியும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தன. பாஸ்டர் நின்றுகொண்டே காபி குடித்தார்.

நான் யார் மனத்தையும் புண்படுத்த விரும்பாதவன். மூன்றையும் வாங்கி மாட்டிவிட்டேன்.

அக்டோபரில் கிளம்பினோம். ராப்பிட் சிட்டி வந்தபோது முதல் ஜெல்லியில் கேரட் தனி, பச்சை தனி. காஸ்பரில் இரண்டாவதைச் செய்தாள். அது பியூப்லோவில் போய்விட்டது. லவோன் போனை எடுத்து பீனிக்ஸிலிருந்து என்னென்ன விமானம் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். நியூ மெக்ஸிகோவில் சொகோரோவை நெருங்கும்போது எங்களிடம் மிச்சம் ஒரே ஒரு ஜெல்லிப் பாக்கெட்.

சொகோரோவில் கான்சுவேலோ பாக்கா என்கிற அம்மாள் டிரெய்லர் சாமான்கள் விற்றுப் பழுதும் பார்க்கிறாள். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தாள். சுற்றி வந்து, குனிந்து, தட்டிப் பார்த்தாள்.

"சாமானெல்லாம் நல்ல சாமான்தான், பெரியவரே. ஆனா கழுத்து உங்க பிக்கப் மேல உக்காரவே இல்ல, சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது. எதுத்தாப்புல லாரி எடைமேடை இருக்கு. எடை போட்டுட்டு வாங்க."

எடை போட்டுக்கொண்டு வந்து சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"டிரெய்லர் எடையில அஞ்சுல ஒரு பங்கு கழுத்துல இறங்கணும். உங்களுக்கு எட்டுல ஒரு பங்குதான் இறங்குது. அப்ப காத்துப்பை வெச்சாலும் இடிக்கும், தலகாணி வெச்சாலும் இடிக்கும். பின்கட்டுல என்ன வெச்சிருக்கீங்க?"

"துணி."

"யார் துணி?" என்றாள் லவோன்.

"என் துணி."

"உனக்கு இருக்கிறதே நாலு சட்டை."

கான்சுவேலோ பின்கட்டுக் கதவைத் திறந்தாள். ஒரு கல் உருண்டு வந்து அவள் பூட்ஸ் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. நியூ மெக்ஸிகோவில் சாதாரணமாகவே சத்தம் குறைவு. அப்போது இன்னும் கொஞ்சம் குறைந்தது.

"ஆர்விட். இதையெல்லாம் கராஜ்ல இறக்கி வெச்சுட்டேன்னு சொன்ன."

"வெச்சேன். அப்புறம் ஏத்திட்டேன்."

"இது குவார்ட்ஸைட்ல பொறுக்கின கல்லுதானே?"

"ஆமா."

"அங்கேருந்து மைனாட்டுக்கு இழுத்துட்டுப் போன."

"ஆமா."

"இப்ப மைனாட்டுலேருந்து குவார்ட்ஸைட்டுக்கே இழுத்துட்டுப் போற."

"அதுங்களுக்கும் குளிர் ஒத்துக்கல, லவோன்."

அவள் சட்டென்று திரும்பி மலையைப் பார்த்தாள். நாற்பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் எனக்கு அந்தத் தோள்பட்டையைத் தெரியும். கோபத்தில் அது குலுங்காது.

மொத்தம் ஆயிரத்து நூறு பவுண்டு. பாதியைக் கான்சுவேலோ தன் மிளகாய்ப் பாத்திக்கு வரப்பு கட்ட எடுத்துக்கொண்டாள். அதையே கூலியாகவும் வைத்துக்கொண்டாள். மீதியை முன்பக்கம், படுக்கையறைக்கு அடியில் இருக்கிற அறையில், கழுத்துக்கு நேர் பின்னால் அடுக்கினோம். மறுபடி எடைமேடை. ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய சரியாக வந்தது. காற்றுப்பையில் அளவாகக் காற்றடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"இருபது வருஷமா சாமான் வித்திருக்கேன். கல்லை நகத்திப் பழுது பார்த்தது இதுதான் முதல் தடவை. வெளியில சொல்லிடாதீங்க, கடையை மூட வேண்டி வரும்."

அங்கேயே லவோன் கடைசிப் பாக்கெட்டைக் கலந்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைப் பைக்குள் போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் போனதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் குறைத்தே சொல்கிறேன். டிரெய்லர் கழன்று எங்காவது நின்றுவிட்டதோ என்று இரண்டு தடவை ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தேன். இருந்தது. பல்செட் வாயிலேயே வந்தது. ஹோல்புரூக் பக்கத்தில் வழியில் வாங்கிய டோனட்டைச் சாப்பிட்டபோது, அது என்ன ருசி என்று பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்தது. அவ்வளவு ஒன்றும் நன்றாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் குவார்ட்ஸைட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். லவோன் அச்சைத் தட்டில் கவிழ்த்தாள். மெதுவாகத் தூக்கினாள். ஜெல்லி நின்றது. ஓரத்து வரி ஒன்றுகூடக் கலையவில்லை. வெயில் உள்ளே புகுந்து மறுபக்கம் பச்சையாக வந்தது. ஒரு நிமிஷம் யாரும் கரண்டியை எடுக்கவில்லை. லவோன் போனை எடுத்து, "ஆர்டிஸ், எனக்காக அந்த ரூமை ஒழிச்சு வைக்காதே. பூனைங்களே படுத்துக்கட்டும்," என்றாள்.

பர்டெல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யோவ், எந்தக் கழுத்து வாங்கின? என்கிட்ட இருக்கிறதைவிட ஒசத்தியா?"

"கழுத்துல ஒண்ணும் இல்ல, பர்டெல். எல்லாம் கல்லுதான். நல்ல குவார்ட்ஸ் கல்லா பார்த்து ஏத்தணும்."

மறுநாள் காலையில் நானும் லவோனும் காபியோடு வெளியே உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் பர்டெல் வாளியோடு குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தார். பொறுக்கினதையெல்லாம் டிரெய்லரின் பின்கட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வைக்கணும்னு அவர்கிட்ட சொன்னியா?" என்றாள் லவோன்.

"மார்ச்ல சொல்றேன்," என்றேன்.

அவள் யோசித்தாள்.

"சூப்புன்னு சொன்ன ஆளு. ஏப்ரல்ல சொல்லு."