சுவரில்லாதவனின் கார்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடந்தது எண்பத்திரண்டா, எண்பத்து மூன்றா என்பதில் தொடங்கி, கார் சாம்பல் நிறமா, வெளிறிய நீலமா என்பது வரை சந்தேகம் இருக்கிறது. சாய்ந்தமருதில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அக்கரைப்பற்றுக்கு மூன்று தரம் போய் வந்தது என்பார் ஒருவர். ஒழுங்கையைத் தாண்டவேயில்லை என்பார் இன்னொருவர். காரைதீவு நல்லரெத்தினம் பின்னாளில் என்னிடம் சொன்னதை நம்பித்தான் பாதியை எழுதுகிறேன். மீதிப் பாதி எங்கிருந்து வந்ததென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்துல் ஸமட் கல்முனை பஸாரில் பற்றறிக் கடை வைத்திருந்தான். ஒரு கதவு அகலம். உள்ளே ஒரு வாங்கு, சுவரோடு இரண்டு தட்டு, எந்நேரமும் அமில நெடி. உழவு மெசின் பற்றறி, லொறிப் பற்றறி, ரூபவாஹினி ரீவி வந்த பிறகு கறண்டில்லாத ஊர்களிலிருந்து சைக்கிள் கரியரில் கட்டி வரும் ரீவிப் பற்றறி என்று எல்லாவற்றுக்கும் சாஜ் போட்டுக் கொடுப்பான். முப்பத்தைந்து வயது. கேட்டதற்கு ஒரு சொல் சொல்வான். கேட்காததற்கு அதுவும் இல்லை. பதினைந்து வயதிலிருந்து அமிலத்தைச் சுவாசித்ததில் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. மனைவி றம்ஸியா மீன் பொரிப்பதும் புட்டு அவிப்பதும் அவனுக்கு ஒன்றுதான்.

பெற்றோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். எஞ்சினைக் கழற்றி யாரோ விற்றுவிட்ட ஒரு மொரிஸ் மைனரும், அம்பாறைப் பக்கம் ஏலத்தில் விட்ட பண்டகசாலைப் பற்றறி வண்டியொன்றின் மோட்டாரும் ஒரே வருடத்தில் அவன் கைக்கு வந்தன. முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு லொறிப் பற்றறிகளை அடுக்கி, பதினான்கு மாதம் மல்லுக்கட்டி, ஒரு ஞாயிறு காலை ஓட்டிக் காட்டினான். சத்தமே இல்லை. ஒழுங்கையில் நின்ற கோழிகள்கூட விலகவில்லை.

"மையத்துச் சந்தூக்குப் போற மாதிரியெல்லோ போகுது காக்கா" என்று வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பின்னால நடக்க ஆள் வேணுமெண்டாச் சொல்லுங்க, நாங்க வாறம்."

ஓட்டுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. சாஜ் போடுவதுதான் பெரிய காரியம். முழுதாக ஏற்றினால் இருபத்திரண்டு மைல் ஓடியது. முழுதாக ஏற்றப் பத்து மணித்தியாலம் வேண்டும். வீட்டு இணைப்போ நாலு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்டது. முதல் நாள் வயரைச் செருகியவுடன் வீட்டு பல்புகள் தணல் போலச் சிவந்தன. பிறகு பியூஸ் எரிந்தது. தடித்த கம்பி போட்டான். வீடு தாங்கியது, ஒழுங்கை தாங்கவில்லை. பக்கத்து வளவுக்காரர் வந்து, "ஸமட் தம்பி, மஃரிபுக்குக் குர்ஆன் ஓத எழுத்துத் தெரியுதில்ல. ஒங்கட கார் ஓதுது போல" என்றார். அதிலிருந்து ஊர் படுத்த பிறகு செருகி, சுபஹுத் தொழுகைக்கு முன் கழற்றினான்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவின் வீடு மகளுக்குப் போகும். ஆண் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். ஸமட் பிறந்த மருதமுனை வீடு தங்கைக்குப் போய்விட்டது. இப்போது இருந்த வீடு றம்ஸியாவுடையது. வளவு அவளுடைய உம்மா முனவ்வறாவுடையது. மீற்றரும் மாமியின் பெயரில்தான். அதுவரை அவனுக்கு இது ஒரு குறையாகத் தோன்றியதேயில்லை. சாஜ் போட ஒரு சுவர் வேண்டும், சுவரில் ஒரு துளை வேண்டும் என்று வந்தபோதுதான் உலகத்தில் எந்தச் சுவரும் தன்னுடையதல்ல என்பது தெரிந்தது.

முனவ்வறா கணவனை இழந்தவள். மருதமுனைக் கைத்தறிச் சாறன்களை மொத்தமாக வாங்கி விற்று, ஒரே வளவில் இரண்டு மகள்களுக்கும் இரண்டு வீடு கட்டினாள். பின் வீடு இளையவள் சுல்பிகாவுக்கு. ஒலுவிலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மக்கீன் என்று ஒரு கிளாக்கர். நாள் குறித்த கிழமை முனவ்வறா மூத்த மருமகனிடம் வந்தாள். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மருமகன், சின்னவட மாப்பிள்ள வந்தாப் பொறகு இந்த வளவு ரெண்டு. இது நிக்கிற இடம் அவட பங்கு. எங்க கொண்டு விடப் போறீங்க?"

அவன் வயரைச் சுருட்டி முடித்தான்.

"வாயத் தொறந்து சொன்னாத்தானே நமக்கு வெளங்கும்."

"இடமில்ல மாமி."

"ஒங்கட கடையில?"

"கதவால நுழையா."

குசினிக்குள்ளிருந்து றம்ஸியா குரல் கொடுத்தாள். "அது அவர்ட மூத்த பொண்டாட்டி உம்மா. அதத் தொரத்தினா என்னையும் விட்டுட்டுப் போயிருவார்."

"நீ சும்மா இரி" என்றாள் முனவ்வறா. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தாள். "சரி, ஒரு கதை சொல்றன். ஒலுவில்ல இருந்து மாப்பிள்ளய இதுலயே கூட்டி வாங்க. பின்நேரம் அஸர் தொழுத கையோட நிக்காஹ். நேரத்துக்குக் கொண்டு வந்து வாசல்ல எறக்கினா, வேலியோரம் கொட்டில் போட்டுத் தாறன். மீற்றர்ல இருந்து தனி வயரும் இழுங்க. சுல்பிகாக்கிட்ட நான் கதைக்கிறன். ஏலாட்டி, மறுநாள் இது இந்த வளவுல நிக்கப்படா."

"ஓம் மாமி."

அவள் போகவில்லை. அவன் பொனற்றைத் திறந்து, பற்றறிகளின் மூடிகளைத் திருகிக் கழற்றி, போத்தலிலிருந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு என்ன குடுக்கிற?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"ஓம்."

அது காய்ச்சி வடித்த தண்ணீர் என்றும், கடற்கரைக் கிணற்று உவர்த் தண்ணீர் உள்ளே போனால் பற்றறி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும் என்றும் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவன் அவன். தொழில் என்பதால் அங்கே வாய் திறக்கும். மாமியிடம் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவுமில்லை.

கல்யாணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. ஓடி ஓடிப் பற்றறிகள் தேய வேண்டாமென்று காரை நிறுத்தி வைத்தான். சத்தமில்லாமல் சிறு சாஜில் போட்டான். நடுவில் ஒரு நாள் இரண்டு மூடிகளைத் திறந்து பார்த்தான். இருட்டுத் துளைக்குள் தண்ணீர் விளிம்போடு பளபளத்தது. குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. பற்றறிகள் நல்ல சுகமாக இருக்கின்றன என்று எண்ணி மூடினான். இருபது வருடத் தொழிலில் அவன் விட்ட பெரிய பிழை அந்தச் சந்தோஷம்தான்.

ஒலுவிலில் மாப்பிள்ளை வீட்டில் கறண்டில்லை. போய்ச் சேர எட்டு மைல், திரும்ப எட்டு. கணக்குக்குப் போதும். என்றாலும் மாப்பிள்ளையோடு இரண்டு பேர் ஏறுவார்கள், களியோடைப் பாலத்தில் ஏற்றம் இருக்கிறது. அதனால் ஒலுவிலில் நெல் ஆலை வைத்திருந்த மீராமுகைதீனிடம் முன்கூட்டியே போய்ப் பேசினான். கல்யாண நாளில் பகல் முழுதும் ஆலையை ஓட்டுவதில்லை, கறண்டு முழுக்கக் காருக்குத்தான் என்று அவர் கையடித்துக் கொடுத்தார்.

அன்று காலை எட்டு மணிக்குப் புறப்பட்டான். நிந்தவூரைத் தாண்டும்போதே சாஜ் காட்டும் முள் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இருந்தது. முள்ளில்தான் பிழை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆலைக்குள் காரை விட்டு வயரைக் கொடுத்தபோது பற்றறிகள் வழமையை விடச் சூடாகின. மூடித் துளைகளால் நுரை கசிந்தது.

மீராமுகைதீன் மூக்கை உறிஞ்சினார். "என்ன தம்பி, காருக்கும் பன்னீர் தெளிச்சிக் கொண்டு வந்திரிக்காய்?"

"இல்லையே."

"இல்லையோ? கலியாண ஊட்டு மணமெல்லோ அடிக்குது."

தன் சட்டையில் றம்ஸியா ஏதும் தெளித்திருப்பாள் என்று ஸமட் நினைத்தான். அவன் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு இறக்காமத்திலிருந்து ஒரு வண்டி நெல் வந்தது. இரவு முழுதும் யானைக்குக் காவலிருந்துவிட்டு அப்படியே வந்தவர்கள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மீராமுகைதீனால் அவர்களைத் திருப்ப முடியவில்லை. "நாலு மூடதான் தம்பி. அரைச்சு அனுப்பிட்டு நிப்பாட்டுறன்" என்றார். ஆலை ஓடத் தொடங்கியதும் சாஜரின் முள் படுத்தது. நாலு மூட்டை ஒன்பது மூட்டையானது. ஸமட் ஒரு உமிச் சாக்கின் மேல் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்தபடி இருந்தான்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். அங்கே ஒரு வானும் நின்றது. மாப்பிள்ளையை வானில் ஏற்றுங்கள் என்று சொல்ல அவனுக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது. சொன்னால் மக்கீன் நேரத்துக்குப் போய்விடுவான். கொட்டிலும் வயரும் போய்விடும். வாசலில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"கூட ஏறின ரெண்டு பேரும் எறங்கி வான்ல வாங்க" என்று மட்டும் சொன்னான்.

வான்காரருக்கு அந்த வேகத்தில் பின்னால் வரப் பொறுமையில்லை. அஸருக்கு முன் சாய்ந்தமருதில் நிற்க வேண்டுமென்று முந்திப் போய்விட்டார்கள். களியோடைப் பாலத்தில் கார் மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்தது.

"மச்சான், நான் எறங்கித் தள்ளட்டா?" என்றான் மக்கீன், மாலையை ஒதுக்கிக்கொண்டு.

"தேவையில்ல."

"இல்ல, புது மாப்பிள்ள தள்ளினாக் கெதியாப் போகுமாம்."

பாலம் தாண்டியது. நிந்தவூரும் தாண்டியது. காரைதீவுக்கு முன், இரு பக்கமும் வயல் கிடக்கிற இடத்தில் கார் நின்றது. ஓடுவதும் நிற்பதும் ஒரே சத்தமாக இருந்ததால் நின்றது மாப்பிள்ளைக்கு உடனே விளங்கவில்லை. அவன் வயலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு பேச்சை நிறுத்தினான். தூரத்தில் அஸர் பாங்கு கேட்டது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து, வயலிலிருந்து உழவு மெசினோடு வந்த நல்லரெத்தினம் அவர்களைக் கண்டான். ஸமட்டின் கடைக்குப் பழைய வாடிக்கை, பழைய சிநேகிதம்.

"என்ன மச்சான், இதுக்குப் புல்லும் போடேலாது, பெற்றோலும் ஊத்தேலாது. என்ன செய்யிறது இப்ப?"

"கயிறு இரிக்கா?"

இருந்தது. ஆனால் மெசினின் முன் சில்லொன்றுக்குக் காற்றடிக்க வேண்டியிருந்தது. மெசின் முன்னால் இழுக்க, மொரிஸ் மைனர் பின்னால் போக, சாய்ந்தமருதுக்குள் நுழையும்போது மஃரிப் பாங்கு சொன்னார்கள். ஒழுங்கை முழுக்கச் சனம். "மாப்பிள்ளய உழவுக்குக் கட்டியெல்லோ கொண்டு வாறாங்க" என்று ஒரு குரல். பிறகு பெரிய சிரிப்பு. முனவ்வறா வாசலில் நின்றாள். முதலில் கயிற்றைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "பிஸ்மி சொல்லி வலது கால வெச்சு எறங்குங்க மகன்" என்றாள். மூத்த மருமகனை அவள் பார்க்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது.

மறுநாள் காலை ஸமட் பொனற்றைத் திறந்து, அமிலம் அளக்கும் கண்ணாடிக் குழாயை முதல் துளைக்குள் விட்டு உறிஞ்சினான். கண்ணாடிக்குள் மஞ்சள் ஏறியது. இரண்டாவதிலும் மஞ்சள். எட்டுப் பற்றறியிலும் மஞ்சள்தான். அவன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அந்த மஞ்சள் அவனுக்குத் தெரிந்ததுதான். காய்ச்சல்காரருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பள்ளி லெப்பை வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதிக் கொடுப்பார். அதைப் பன்னீரும் கிணற்றுத் தண்ணீரும் விட்டுக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள்.

முனவ்வறா தேத்தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். அவள் அப்படிக் கொண்டு வருவது வழக்கமில்லை.

"ஒங்கள்ல எனக்குக் கோவமில்ல மருமகன்" என்றாள். "ஊர்க் கண்ணெல்லாம் இதுலதான் எண்டு நானும் ஏழு வெள்ளி பீங்கான் எழுதிக் கரைச்சு ஊத்தினன். நீங்க ஜும்ஆவுக்குப் போன நேரம். தண்ணிதானே குடுக்கிற எண்டு சொன்னீங்க. அதுக்கும் இது கேக்கல்ல. இதுல பரக்கத் இல்ல."

அவன் குழாயை அமுக்கி மஞ்சளைத் திரும்பத் துளைக்குள் விட்டான்.

ஒரு சொல் போதும். சொன்னால், நேற்று வாசலில் நின்று கயிற்றைப் பார்த்த அந்தப் பார்வை திரும்பி அவள் மேலேயே விழும். ஏழு வெள்ளிக்கிழமை, எட்டுப் பற்றறி, பற்றறிக்கு ஆறு துளை. ஒவ்வொரு மூடியையும் அவள் திருகிக் கழற்றித் திரும்ப இறுக்கியிருக்கிறாள். ஒரு மூடியாவது கோணலாக இருக்கவில்லை. இந்த வளவில் வேறு யாரும் அந்தக் காருக்கு அவ்வளவு செய்ததில்லை.

"கொண்டு போயிருங்க, என்ன?"

"ஓம் மாமி."

பத்து மணிக்கு நல்லரெத்தினம் மெசினோடு வந்தான். பொனற்றுக்குள் குனிந்தவன் மூக்கைச் சுளித்தான். "என்னடா இது, அமிலத்துக்குள்ள பன்னீர் மணக்குது?"

ஸமட் கயிற்றைக் கட்டி முடித்தான். ஒழுங்கை தாண்டி, பெரிய வீதிக்கு வந்து, காரைதீவுச் சந்தி தெரிகிற இடத்தில் மெசினை நிறுத்தச் சொன்னான். பிறகு நடந்ததை நாலு வசனத்தில் சொன்னான்.

"மாமிக்குத் தெரியப்படா" என்றான் கடைசியாக.

கார் நல்லரெத்தினத்தின் வளவில் இரண்டு வருடம் நின்றது. எண்பத்தைந்தின் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் அவனுடைய வீட்டோடு அதுவும் எரிந்தது. அவன் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். மீராமுகைதீன் ஆலையை மகனிடம் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். மக்கீன் வேலியோரத்தில், கார் நின்ற இடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் கொட்டில் போட்டான். சுல்பிகாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். முனவ்வறா எண்பத்தொன்பதில், தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மவுத்தானாள். ஸமட் கட்டாருக்குப் போய் நான்கு வருடம் கறண்டு வேலை செய்துவிட்டு வந்து கடையைத் திரும்பத் திறந்தான். றம்ஸியா பெயரில் தனி மீற்றர் எடுத்தான். அதில் விளக்குகளும், ஒரு விசிறியும், பிறகு ஒரு ரீவியும் ஓடின.