காருக்குள் குடிவந்தவள்

உடையார்பாளையம் பக்கத்தில் மக்காச்சோளமும் முந்திரியும் வைத்திருந்த அமிர்தலிங்கம் ஒரு பழைய கார் வாங்கினார். கீறல் விழுந்துவிடும் என்ற பயத்தில் அதை வெளியே எடுக்கவே இல்லை. கொட்டகையில் சோள மூட்டைகளுக்கு நடுவே போர்த்தி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி சாந்தாவுக்குக் குளியல் சோப்பு தங்காமல் போனது. புதிதாகப் பிரித்து வைத்தால் மறுநாள் காணோம். பக்கத்து வீட்டு அம்சவள்ளி தண்ணீர் பிடிக்க அடிக்கடி வந்து போகிறவள். சாந்தா அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அம்சவள்ளியும் ஏன் என்று கேட்கவில்லை. கொடியில் காயப்போட்ட அவள் புருஷனுடைய பனியன் தொலைந்திருந்தது. எடுத்தது யார் என்று அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

திருமழபாடி கோயிலில் நடக்கும் நந்தி கல்யாணத் திருவிழாவுக்குக் காரில் போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் வண்டி முனகக்கூட இல்லை. மெக்கானிக் ஜெயப்பிரகாஷ் வந்து பானெட்டைத் தூக்கினான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. கடித்த ஒயர்கள், குவியலாக மக்காச்சோளம், பல் பதிந்த சோப்புத் துண்டுகள், நடுவில் கந்தலான ஒரு பனியன். தாய் எலி குதித்து மூட்டைகளுக்குள் மறைந்தது.

வேடிக்கை பார்க்க வந்த அம்சவள்ளி பெயிண்ட் கறையை வைத்துப் பனியனை அடையாளம் கண்டாள். சாந்தா சோப்பைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாம் ஒங்க காருக்குள்ளதான் இருந்திருக்கு," என்றாள் சாந்தா, அவரே பதுக்கி வைத்ததுபோல.

ஜெயப்பிரகாஷ் பனியனை உருவப் போனான். உள்ளே ரோஸ் நிறத்தில் குட்டிகள் நெளிந்தன. தூக்கி வெளியே போடச் சொன்னார் அமிர்தலிங்கம்.

"கண்ணுகூட தொறக்கலங்க. அதுங்களா எறங்கிப் போவட்டும், அப்புறம் ஒயர மாத்திக்கலாம்," என்றாள் சாந்தா. சோப்புத் திருடியின் கை விளங்காமல் போகவேண்டும் என்று முந்தின நாள்வரை சபித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கல்யாணம் பார்க்கப் போகும்போது இந்தப் பாவம் எதற்கு என்று அம்சவள்ளியும் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

திருவிழாவுக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். சாந்தாவும் கூடவே கிளம்பிவிட்ட அம்சவள்ளியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, விட்டுப்போன பேச்சையெல்லாம் அரியலூர் வருவதற்குள் பேசித் தீர்த்தார்கள். அமிர்தலிங்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

அதன்பிறகு தினமும் ஜெயப்பிரகாஷ் போன் செய்து எப்போது வரட்டும் என்று கேட்பான். அமிர்தலிங்கம் பானெட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்பார். ஒரு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. பானெட்டுக்குள் குனிந்தபடியே வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"சாந்தா, இங்க வந்து பாரு. ஒரு குட்டி கண்ணத் தொறந்துடுச்சி."

சாந்தா வருவதற்குள் அம்சவள்ளி வந்துவிட்டாள்.