‘மற்றவை’க்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் என் தங்கை. பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் அதிகம் எதிர்பார்க்காமல் வாசியுங்கள்.

முதலில் ‘நான்’ என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று வரி போவதற்குள் என்னை நல்லவளாகக் காட்டும் வேலை தொடங்கிவிட்டது. அதனால் இனிமேல் ‘அக்கா’ என்றுதான் வரும். அக்கா என்றால் கொஞ்சம் தள்ளி நின்று திட்டலாம். நடுவில் பொய் வந்தாலும் கதைதானே என்று சமாளித்துக்கொள்ளலாம்.

கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு:

[ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்னல் வழியே வெயில் சாய்ந்து விழ, அக்கா மடிக்கணினியைத் திறந்து – வேண்டாம். வெயில் விழுந்ததா என்றே ஞாபகமில்லை.]

[எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. வரிசையில் யார் முன்னால் என்பதில்தான் – இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துபவள். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் தங்கை வேலையை விட்டாள். நாலு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். வேறு ஊரில் இருந்த அக்கா ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் திரும்பிவிடுவாள்.

இருவரும் சேர்ந்து ஒரு வலைப்பூ நடத்தினார்கள். படுத்த படுக்கையானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி. தங்கை குறிப்புகள் எழுதுவாள்: புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்க முடியாதவருக்கு ஊட்டுவது, படுக்கையிலேயே தலைக்குக் குளிப்பாட்டுவது, பார்த்துக்கொள்கிறவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வது. இப்படிப் பதினொன்று. அக்கா எழுதியவை கட்டுரைகள். ‘மழையும் அம்மாவும்’ என்ற கட்டுரையை ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். அதில் நாலு பேர் அக்காவேதான்.

(தங்கையின் குறிப்புகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை இங்கே போடலாம். போட மனம் வரவில்லை. நிறையப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அம்மா போன பிறகு வலைப்பூ குப்பை மாதிரி கிடந்தது. கடைசியில் எழுதியது மேலே, முதலில் எழுதியது எங்கேயோ அடியில். “தேடி எடுக்கவே முடியல அக்கா, ஒரு மெனு போட்டுக் குடேன்” என்று தங்கைதான் கேட்டாள். புத்தகத்துக்குப் பொருளடக்கம் போடுவது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதுவும் அதே வேலைதான், காகிதம் மட்டும் இல்லை.

திரையின் இடப்பக்கம் எல்லாப் பதிவுகளும் இருக்கும். வேண்டியதைக் குறியிட்டுச் சேர்த்தால் வலப்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு கட்டமாக வந்து நிற்கும். கட்டத்தைப் பிடித்து மேலே கீழே இழுக்கலாம். கொஞ்சம் வலப்பக்கமாக நகர்த்திவிட்டால் அது மேலே உள்ளதற்குக் கீழ்ப்பட்டதாகிவிடும். அவ்வளவுதான் வித்தை. முடிவில் வந்த மெனு இது:

முகப்பு
எங்களைப் பற்றி
அம்மாவின் நாட்கள்
கட்டுரைகள்
மற்றவை

தங்கையின் பதினொன்றும் ‘மற்றவை’க்குக் கீழே. போனில் பார்த்தால் அவை கண்ணிலேயே படாது. ‘மற்றவை’ என்ற சொல்லைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அதைச் சரியாகத் தொட்டால்தான் பட்டியல் விரியும்.

4

தங்கை மறுபடியும் அதே கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் ஒரு பெண் தன் கணவரின் கண்ணாடியைச் சரிசெய்ய வந்தாள். ஏணியிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார், எப்படிப் புரட்டுவதென்றே தெரியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தங்கை ஒரு துண்டுச்சீட்டில் வலைப்பூவின் முகவரியை எழுதிக்கொடுத்தாள். எல்லாம் இதில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

பத்து நாள் கழித்துக் கண்ணாடியை வாங்க வந்த அந்தப் பெண், அதில் மழையைப் பற்றித்தான் இருக்கிறது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தங்கையைச் சுட்டது. அதற்குள் அவர் முதுகில் புண் வந்துவிட்டிருந்தது.

மெனு போட்ட பிறகு முதல் தடவையாகத் தங்கை அங்கேயே நின்று தன் போனில் திறந்து பார்த்தாள். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, என்னோடது எல்லாம் ‘மற்றவை’க்குக் கீழ இருக்கு. கை தவறிடுச்சா, இல்ல நீதான் வச்சியா?”

“இரு, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க” என்று அக்கா வைத்துவிட்டாள்.

வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் போய்க் கதவைத் திறந்து இரண்டு நிமிஷம் நின்றாள். சொன்ன பொய்க்கு அவ்வளவாவது மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. திரும்பி வந்தபோது போனில் தங்கையின் செய்தி இருந்தது: “பதில் தெரிஞ்சதும் கூப்பிடு. அதுக்கு முன்னாடி வேண்டாம்.”

அன்றைக்கே அக்கா மெனுவைப் பிரித்து மாற்றினாள். பதினொரு குறிப்புகளும் தலைமாட்டுக்கு வந்தன. தங்கை பார்த்திருப்பாள். ஆனாலும் ஒரு சொல் வரவில்லை. போனில் அவள் கேட்டது மெனுவையா? இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவும் இல்லாத பிறகு, அக்காவுக்குப் பேச மிச்சமிருப்பது தங்கை ஒருத்திதான்.

5

இந்தக் கதையின் முதல் வரைவில் கை தவறியது என்றுதான் எழுதினேன். நன்றாகவே வந்தது. அக்காவின் களைத்த கண், வழுக்கும் விரல், கட்டம் வலப்பக்கம் நகர்வது, எல்லாம் தத்ரூபம். எழுதி முடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நானே செய்து பார்த்தேன்.

கை தவறினால் ஒரு கட்டம் நகரும். பதினொரு கட்டம் வரிசையாக நகராது. அது போகட்டும். ‘மற்றவை’ என்ற தலைப்பு இடப்பக்கப் பட்டியலில் கிடையாது. அதை யாராவது தட்டச்சு செய்தால்தான் வரும். பத்தொன்பது வருஷமாக ஊரார் கைத்தவறுகளைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், நாலு எழுத்தைக் கை தவறி அடித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? முதல் வரைவு அதோடு முடிந்தது.

6

ஆக, வேண்டுமென்றே செய்தாள். ஏன் செய்தாள் என்று சொல்லாவிட்டால் அவள் வெறும் பொறாமைக்காரி ஆகிவிடுவாள். (பொறாமையும் உண்டு. அந்த ஒன்பது பேரை மறந்துவிடாதீர்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தானே அம்மாவைப் புரட்டப் போனாள். தோளைப் பிடித்து இழுத்தாள். அம்மா கத்திவிட்டாள். தங்கை ஈரக்கையோடு ஓடி வந்து, அக்காவை ஒதுக்கி, இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து ஒரே அசைவில் திருப்பினாள். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அக்கா தலையணை உறையைச் சரிசெய்வதுபோல் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தங்கையின் குறிப்பில் இப்படி இருந்தது: “வாரத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறவர்கள் தோளைப் பிடித்து இழுப்பார்கள். வலிக்கும். அவர்களைச் செய்ய விடாதீர்கள்.”

அதைப் படித்துப் பிழை திருத்தி வலையேற்றியது அக்காதான். ஒரு கால்புள்ளியும் சேர்த்தாள். இது நான்தானே என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காமல் வைத்திருந்து, மெனு போட உட்கார்ந்தபோது அந்த நாலு எழுத்தை அடித்தாள்.

(தங்கை அக்காவை நினைத்துத்தான் எழுதினாளா? தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஒன்று மட்டும் சொல்ல முடியும். அந்த வரி சரியான வரி. அது இருந்த குறிப்பு கண்ணில் பட்டிருந்தால் ஒரு மனிதரின் முதுகு புண்ணாகியிருக்காது.)

7

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அக்கா கூப்பிட்டு, கை தவறிவிட்டது என்கிறாள். தங்கை, சரி விடு என்கிறாள். இருவரும் பழையபடி பேசுகிறார்கள். தங்கை நம்பவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும் என்பது தங்கைக்கும் –

முடிவு இரண்டு: அக்கா உண்மையைச் சொல்கிறாள். தங்கை அழுகிறாள், அக்காவும் அழுகிறாள் – தங்கை அழமாட்டாள். நாலு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவளுக்கு அது தெரிய வாய்ப்பும் இல்லை.

முடிவு மூன்று: இந்தக் கதையையே வலைப்பூவில் போட்டு, ‘மற்றவை’க்குக் கீழே தனியாக வைத்துவிடுவது. அவளாகவே அம்புக்குறியைத் தொட்டுப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டத்தைக்கூட இழுத்து வைத்துவிட்டேன். சேமிக்கப் போகும்போதுதான் உறைத்தது. இதுவும் வாசலில் யாரோ கூப்பிடுகிற கதைதான்.

8

தங்கை போனை எடுத்தாள். “சொல்லு” என்றாள். அக்கா

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. முடித்தால் அதையும் திருத்துவேன், அழகாக்குவேன், ஒரு கால்புள்ளி சேர்ப்பேன். உங்களுக்கு வேண்டிய முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மெனுவில் இந்தக் கதைக்கு இடம் கிடையாது. மணி நாலரை, கடையில் கூட்டம் இருக்காது. நான் போய் அவளைக் கூப்பிட வேண்டும்.