ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்காவின் போனிலிருந்து.

"நீ சரி பண்ணின வண்டி நாலு ரோடு நடுவுல நிக்குது. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. சந்தோஷமா?"

கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் தொடக்கம் முக்கியம் என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். "இன்ஜின் என்பது ஓர் உயிருள்ள..." (சகிக்கவில்லை.) "காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து..." (தூங்கிவிடுவீர்கள். ஆனாலும் இது தெரிந்தாக வேண்டும்.*)

* ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும். இன்ஜின் வேகம் ஓர் அளவுக்குக் குறைந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் இன்ஜின் அணைந்துவிடும். அதிகம் கொடுத்தால் வண்டி நிற்க மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போகும்.

2.

லேப்டாப்பைக் காரின் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஒரு தடவைக்கு அதன் பெட்ரோல் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, குறித்துவைத்து, ஓட்டிப் பார்த்தேன். நான் ஓட்டினால் இன்ஜின் அணையவே இல்லை. அக்கா ஓட்டினால் அணைந்தது. ஆக, கோளாறு அக்காவிடம்தான் என்று... (முடிக்கவில்லை. அக்கா இதைப் படிப்பாள்.)

அத்தான் கதைக்குத் தேவையா என்று சந்தேகம். அக்காவின் கணவரான அவருக்கு ஒரே வசனம்: "பேசாம வித்துத் தொலைச்சிடலாம்." ஆனால் அக்காவின் புது வேலை விடிகாலை ஷிஃப்ட். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும். அதனால் அத்தான் இருக்கட்டும்.

3.

நேற்று அக்கா பக்கத்து சீட்டில் வந்தாள். சிக்னலில் வண்டி அழகாக நின்றது, இன்ஜின் ஓடியபடி.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். உன் காலை."

"காலுக்கு என்ன?"

"பிரேக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஆக்சிலரேட்டர லேசா ஒரு தட்டு தட்டுற. ஒவ்வொரு தடவையும். கம்ப்யூட்டர் பண்ண வேண்டிய வேலைய நீயே பண்ணிட்டு, அதுக்கு சர்டிபிகேட் வேற குடுக்கிறியாடா?"

இத்தனை நாள் குறிப்பெடுத்தது வண்டியைப் பற்றி அல்ல, என் காலைப் பற்றி.

4.

முடிவு (அ): எண்ணை மாற்றினேன், சரியாயிற்று. முடிவு (ஆ): அத்தான் ஜெயித்தார். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். கதை தளரும் இடத்திலெல்லாம் நான் ஒரு தட்டு தட்டுவது தெரிந்தது.

எனவே இன்று எந்த வேகத்தில் பெட்ரோல் திரும்ப வேண்டும் என்கிற எண்ணைச் சற்று உயர்த்திவிட்டு, சாவியை அக்காவிடம் கொடுத்துப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அதே சிக்னல். சிவப்பு. அக்கா காலை எடுத்துவிட்டாள். இன்ஜின் வேகம் காட்டும் முள் இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது.

நான் எதையும் தொடப்போவதில்லை. நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள். ஓடுகிறதா?