வெறும் என்டர்

பாதுகாப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அலுவலகப் புதிர்ப் போட்டியில் முதலில் வருபவருக்கு அதைத் தருவதாக அறிவித்திருந்தார்கள். வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்த மென்பொருள்களை உடைத்து, உள்ளே ஒளித்திருக்கும் வாசகத்தை எடுக்க வேண்டும், அதுதான் போட்டி. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த அவள், அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதிப்போட்டிருந்தாள். பதில் வரவில்லை. இந்த முறை ஜெயித்து வாங்க வேண்டும்.

கடைசிப் புதிரைச் செய்தவர் பாதுகாப்புப் பிரிவிலேயே இருந்த அவள் கணவர். அது எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மடிக்கணினியை மூடிவிட்டுத்தான் போனார்.

அந்தப் புதிர் கடவுச்சொல் கேட்டது. அவள் முதலில் செய்தது சோதனைக்காரி செய்யக்கூடாத காரியம்: மென்பொருளைப் படிக்காமல் மனுஷரைப் படிக்கப் பார்த்தாள். வீட்டுப் பூனையின் பெயரை அடித்தாள். திரையில் பதில் வந்தது: ‘வீட்டு ஞாபகம் வேண்டாம்.’

அதே போட்டியில் இருந்த பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவனை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இதுக்கு வீட்டுலயே ஒரு காபி போட்டுக் குடுத்துக் கேட்டிருக்கலாமேக்கா.”

“உன் வேலையப் பாருப்பா.”

முகம் சுட்டது. அவள் என்ன அடிப்பாள் என்று கணவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மென்பொருளை முதல் வரியிலிருந்து படித்தாள். அடித்த எழுத்து எத்தனையோ, அத்தனையை மட்டும்தான் அது சரிபார்த்தது. ஒன்றும் அடிக்காவிட்டால் சரிபார்க்கவும் ஒன்றும் இல்லை. வெறுமனே என்டரைத் தட்டினாள். வாசகம் வந்துவிட்டது.

இது அவர் வைத்த ஓட்டை இல்லை. அவர் வைத்தது வேறு, கணக்குப் போட்டு உடைக்க வேண்டியது. புதிர் செய்தவர் நினைக்காத வழியும் செல்லுபடியாகும் என்பது இந்தப் போட்டிகளில் எழுதாத விதி. ஆனால் பெண்டாட்டிக்காகத் திறந்து வைத்தார் என்றுதான் பேசுவார்கள். கணக்குப் போட்டே உடைக்கலாம், நேரம் ஆகும். மீசையின் விரல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பவளுக்குப் பாதுகாப்புப் பிரிவில் என்ன வேலை?

எப்படித் திறந்தது என்பதையும் எழுதி அனுப்பினாள்.

பாதுகாப்புப் பிரிவின் தலைவி அவள் கணவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். “இது நீங்க வேணும்னு வெச்சதா?”

ஆமாம் என்றிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். 

“இல்ல மேடம். என் தப்பு. நான் கவனிக்கல.”

“நீங்களே கவனிக்காதத அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. அப்ப இடம் அவங்களுக்குத்தான்.”

“வீட்டுச் சண்டையில யார் கை ஓங்கும்னு இப்ப தெரிஞ்சுபோச்சு,” என்றான் மீசை. சிலர் சிரிக்கவில்லை.

காரில் பாதி வழி வந்ததும் அவர் கேட்டார்.

“எப்பக் கண்டுபிடிச்ச?”

“மத்தியானம் சாப்பிட்டு வந்ததுமே.”

“அனுப்பினது ரொம்ப நேரம் கழிச்சுதானே?”

“ஆமா.”

அதுவரை என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்களுக்காகத்தான் தயங்கினேன் என்றிருப்பாள். அது பாதி உண்மை. மீதி நேரம், அவர் செய்த தவறைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.