இடது பின்சக்கரத்துச் சூடு

பாலத்தைத் தாண்டி புக்கிட் தெங்கா போய்ச் சேர்வதற்குள் கடைசி சீட்டில் இருந்த ஜூலியானா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பிரமிளாக்கா, என்னமோ கருகுது லா. நம்ம வேன்தான்."

தொழிற்சாலை வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தில் அனல் அடித்தது. ரிம் முழுக்கக் கரித்தூள். என்னை நம்பி ஏறுகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பாலத்து நடுவில் பிரேக் கைவிட்டிருந்தால்?

அடுத்த நொடியே சிக்கந்தரின் முகம்தான் கண்முன் வந்து நின்றது.

அவரும் வேன் ஓட்டுகிறவர். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே என் வேனுக்குப் பக்கத்தில்தான் அவர் வேனும் நிற்கும். என் கணவர் கோகுலனுக்கு வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபோது, "இந்த ரூட்ட நான் பாத்துக்கிறேன் அண்ணே" என்று முதல் ஆளாக வந்தவர் அவர்தான். நான் விடவில்லை. கணவர் ஓட்டிய பழைய வண்டியை விற்று இதை வாங்கி, நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறேன். அன்றிலிருந்து எதிரில் பட்டால் போதும், "எப்படிக்கா வண்டி? நல்லா ஓடுதா?" என்று கேட்பார். ஓடவில்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவாராக்கும்.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே சாயங்கால ட்ரிப்புக்கு ஏறி உட்கார்ந்தால் பெடல் காலுக்கு எட்டுவதில்லை. நான் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவேன். யாரோ அதைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். தினமும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் மேலே போகிறேன். இத்தனைக்குப் பிறகும் ஒருவன் உள்ளே நுழைகிறான் என்றால் என்ன அர்த்தம்? சிக்கந்தர் நல்ல உயரம்.

சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, ஊர்ந்து ஊர்ந்து புவனேஸ்வரன் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கரித்தூளைப் பார்த்ததுமே அவர், "பிரேக்க கவ்வ வைக்கிற கேலிப்பர் போச்சுக்கா" என்றார்.

"கழட்டிப் பாக்காமலே தெரிஞ்சிடுச்சா?"

பொம்பளை ஓட்டுகிற வண்டி என்றால் இவர்களுக்கு இளக்காரம். போதாததற்கு, சிக்கந்தரின் வேனும் இதே பட்டறைக்குத்தான் வரும். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு செய்கிறார்களோ என்னவோ. நான் நகராமல் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"நம்பிக்கை இல்லன்னா கிட்ட வந்தே பாருங்க" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வண்டியை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றினார்; அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் வட்டு நீலம் பாரித்திருப்பது தெரிந்தது. கேலிப்பரின் திருகைக் கொஞ்சம் திறந்து பிரேக் எண்ணெயை வெளியே விட்டார். அப்போதும் வட்டு சுற்றவில்லை.

"எண்ணெய் அழுத்தத்தால இல்ல. வேற எதுவோ இழுத்துப் புடிக்குது."

ஹேண்ட்பிரேக் கேபிளை கேலிப்பரிலிருந்து கழற்றினார். 'டொக்' என்று சின்னச் சத்தம். வட்டு முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

புது கேலிப்பரும் பிரேக் பேடும் மாட்டிய பிறகு, குழாயில் காற்று எடுக்க வேண்டும் என்று என்னை உள்ளே ஏறச் சொன்னார். "அமுத்துங்க... விடாதீங்க... ம், விடுங்க." நான் பெடலை மிதித்து மிதித்து விட்டேன். அது முடிந்ததும் பக்கத்தில் வந்து ஹேண்ட்பிரேக்கின் கவரைக் கழற்றிக் காட்டினார். கேபிள் நட்டைச் சுற்றிப் பளபளவென்று புதுக் கீறல்கள்.

"ஸ்பேனர் போட்டு முறுக்கிட்டாங்க. நீங்க ஹேண்ட்பிரேக்க விட்டாலும் அது விடல. ஓடுற நேரமெல்லாம் பேட் கவ்விக்கிட்டே இருந்திருக்கு. சூட்டுல ரப்பர் கிழிஞ்சு பிஸ்டன் இறுகிப்போச்சு. வலது பக்கமும் சூடுதான், தப்பிச்சிருச்சு."

"சிக்கந்தர் வேலைதானே? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கெடுக்கணும்னு நெனக்கிறவன் கீழ படுத்து குழாய வெட்டிட்டுப் போயிருவான்க்கா. உள்ள உக்காந்து, கவரக் கழட்டி, பொறுமையா முறுக்கி, திரும்ப ஸ்க்ரூ போட்டு மூடுவானா? இது வேலை தெரிஞ்ச ஆளு. ஆனா பழைய டிரம் பிரேக் வண்டியே ஓட்டிப் பழகினவரு. அதுலதான் இப்படி கேபிள முறுக்கி முறுக்கி டைட் வைப்பாங்க."

வேலை தெரிந்தவர். உயரமானவர். என் வண்டிச் சாவி கைக்கு எட்டுகிறவர்.

பழைய டிரம் பிரேக் வண்டியைக் காலமெல்லாம் ஓட்டியவர் என் வீட்டில்தான் இருக்கிறார். "நீ ஓட்டி என்ன ஆவப்போவுது, வித்துரலாம்" என்று போன மாதம்கூடச் சொன்னார். சிக்கந்தர் என்றால் சண்டை போடலாம். கட்டிய புருஷனே என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

புவனேஸ்வரன் கேபிளைச் சரியான அளவுக்குத் தளர்த்தி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குப் போனேன். என் கணவர் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஹேண்ட்பிரேக்க முறுக்கினீங்களா?"

"ஆமா."

கூசாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஓட்டக்கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. பின்னால உக்காந்து வர்றவங்க என்ன பாவம் செஞ்சாங்க? சக்கரம் எரிஞ்சு போச்சு, தெரியுமா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எரிஞ்சிருச்சா? ஏன் புள்ள... வண்டி நிக்கலன்னுதானே முறுக்கினேன்?"

"நிக்கலன்னு யாரு சொன்னா?"

"நீதான் தெனம் சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறியே! ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஹேண்ட்பிரேக் புடிக்கலன்னாதான் கல்லு வைப்பாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குற. சரின்னு, நீ மத்தியானம் தூங்குறப்ப லிஃப்ட்ல எறங்கிப் போயி முறுக்கினேன். மறுநாளும் கல்லு வச்ச. பத்தலன்னு இன்னும் முறுக்கினேன். அப்பவும் வச்ச."

செருப்போடே அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஹேண்ட்பிரேக் நல்லாத்தாங்க இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குக் கல்லு?"

"நீங்க வச்சீங்கல்ல? இத்தன வருஷமா நீங்க வண்டிய நிறுத்துனதும் கல்ல எடுத்து வைப்பீங்க. வண்டின்னா அப்படித்தான் போலன்னு நானும் வச்சேன்."

"அட, அந்தப் பழைய வண்டியில ஹேண்ட்பிரேக்கே வேலை செய்யாது லா! அதனால வச்சேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதேன். "அன்னிக்கு விக்கச் சொன்னதும் பிரேக் புடிக்கலையேங்கிற பயத்துலதான்" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வண்டி எப்படி இருக்கிறது என்று என்னைத் தினமும் கேட்டது சிக்கந்தர் ஒருவர்தான். கேட்டிருக்க வேண்டியவர் கேட்கவில்லை. அவர் மனம் நோகும் என்று நானும் வண்டிப் பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பழக்கதோஷத்தில் கை செங்கல்லை எடுத்துவிட்டது. நிமிர்ந்து மேலே பார்த்தேன். ஜன்னலில் அவர் நின்றிருந்தார். என் கைப்பேசி அடித்தது.

"வண்டி நிக்குதா?"

"நிக்குதுங்க" என்றேன். கல்லைச் சுவரோரமாகப் போட்டேன்.